கண் திறக்காத முகம்

எங்கள் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் மன்றத்துக்கும் நுண்கலை மன்றத்துக்கும் சேர்த்து ஒரே அறைதான். ஆய்வகம் என்று வாசலில் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு பக்கம் நாங்கள் லிட்மஸ் தாளை நனைத்துக்கொண்டிருப்போம், இன்னொரு பக்கம் அவர்கள் கலர் சாக்பீஸில் மயில் வரைந்துகொண்டிருப்பார்கள். நான் அறிவியல் மன்றம். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. மயில் வரைகிறவர்களை நான் ஓர் ஆளாகவே மதித்தது கிடையாது. இத்தனைக்கும் எங்கள் ஓவிய ஆசிரியர் என் சொந்தத் தாய்மாமா.

மாமா கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்து, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கிக்கொண்டு, எங்கள் பள்ளிக்குப் பகுதிநேர ஆசிரியராக வந்துகொண்டிருந்தார். வருடாவருடம் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வேலை நிலைக்கும். அதனால் அவர் எதைக் கேட்டாலும் மாமா "சரிங்க சார்" என்பார். வீட்டில் அம்மா எதைக் கேட்டாலும் "ஆகாது" என்பார். இரண்டும் சேர்ந்து கணக்கு நேராகிவிடும் என்று அப்பா கேலி செய்வார்.

அந்த வருடம் கண்காட்சிக்கு இரண்டு மன்றமும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. மாமாதான் யோசனை சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அப்படியே அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் வார்த்து, சுவர் முழுக்க மாட்டிவிடலாம். முகம் நுண்கலை மன்றத்துக்கு, சாந்து அறிவியல் மன்றத்துக்கு. இவ்வளவு நியாயமான பங்கீட்டை அதற்கப்புறம் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

ஆய்வக மேசையில் பிள்ளையைப் படுக்கவைத்து, முகத்தில் தேங்காயெண்ணெயும் புருவத்தில் வாஸ்லினும் அப்பி, கை ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற துணி இருக்கிறதே, அதைத் துண்டுதுண்டாக நனைத்து மூக்கு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டே வருவார் மாமா. இறுகினதும் கழற்றினால் உள்பக்கம் முகம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதுதான் அச்சு. அதற்குள் சோப்புத் தண்ணீர் தடவிச் சாந்தை ஊற்றி எடுத்தால் ஆள் வந்துவிடும். சாந்து கரைக்கிற வேலை என்னுடையது. தண்ணீரில்தான் மாவைத் தூவவேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது. இதைத் தப்பாகச் செய்கிறவர்களை நான் விரட்டி விரட்டித் திட்டினேன்.

முகத்தில் இறுகும்போது அது சுடும். படுத்திருக்கிறவர்கள் வாயைத் திறக்கவும் முடியாமல் "ம்ம்ம்" என்று முனகுவார்கள். உடனே நான் பக்கத்தில் போய் நின்று, பாரிஸ் சாந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளியாகிறது, இது ஒரு வெப்ப உமிழ்வினை என்று விளக்குவேன். கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டில் தோசைக்கல் முன்னால் நின்றும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாரும் படுத்த இடத்தில் சிரித்து, தும்மி, அச்சைக் கெடுத்தார்கள். நாகஜோதி மட்டும் கெடுக்கவில்லை. அவள் என் வகுப்பு, என் பெஞ்சு, நுண்கலை மன்றம். அவளுடைய அம்மா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். அப்பா கிடையாது. அம்மா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, வெஞ்சனம் வைத்துவிட்டு இவள் பள்ளிக்கு வருவாள். வந்ததும் தூங்குவாள். வரலாறு, கணக்கு என்று பாகுபாடே கிடையாது. மாமா அவள் நெற்றியில் முதல் துண்டை ஒட்டும்போதே அவள் தூங்கிப்போனாள். மாமா உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லாரையும் பார்த்தார். இறுகிய பின்னும் உடனே கழற்றாமல் கொஞ்சநேரம் விட்டுவைத்தார். அந்த ஆய்வகம் சத்தமில்லாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். அவளுடைய அச்சில் புருவத்து முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் முகங்களைச் சுவரில் மாட்டினோம். எங்களுக்கு ஒரே பெருமை. தோரணம் கட்டிக்கொடுக்க வந்த அம்மாக்கள் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் அப்படியே நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வெள்ளை வெளேரென்று, கண்ணை மூடிக்கொண்டு, வரிசையாகப் பிள்ளைகள். எங்களுக்குத் தெரியாதது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைகளைப் பிணமாக்கி மாட்டியிருக்கிறீர்களே என்று அவர் ஆரம்பிக்க, அம்மாக்கள் எல்லாரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தோரணத்தைப் பார்த்தார்.

கூட்டத்தில் ஓர் அம்மாவின் பிறந்த வீட்டில் கோயிலுக்கு மண்குதிரை செய்கிற தொழில். அவர்தான் வழி சொன்னார். உருவம் என்று ஒன்று செய்துவிட்டால் கண் திறந்தாக வேண்டும், கண் திறக்காத உருவத்தை யாரும் வீட்டு வாசலில்கூட வைக்கமாட்டார்கள், திறக்கிற கண் முதலில் நல்லதைத்தான் பார்க்கவேண்டும் என்றார். கண்ணாடி காட்டுவார்கள், பசுவை நிறுத்துவார்கள் என்றெல்லாம் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பசுவை யார் ஓட்டிவருவது? கடைசியில், பிள்ளையின் கண் முதலில் பார்க்கவேண்டியது பெற்றவளைத்தான் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

மாமா ஸ்டூலில் ஏறி, கறுப்பு மையைத் தொட்டு, ஒவ்வொரு முகமாகக் கண் வரைந்தார். அந்தந்தப் பிள்ளையின் அம்மா எதிரே வந்து நின்றார். வேதக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த என் அம்மா, சிலுவை போட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். என் முகத்துக்கு லேசாக மாறுகண் விழுந்துவிட்டது. தம்பி வேண்டுமென்றே செய்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

நாகஜோதியின் அம்மா வரவில்லை. அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட். வேறு யாராவது நிற்கட்டும் என்றார்கள் சிலர். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டு, "எங்கம்மாவுக்கு லீவு கெடைக்கவும் கூட்டியாறேன் சார், அப்பத் தொறங்க" என்றாள். மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கண்காட்சி நடந்த நாளெல்லாம் சுவரில் அத்தனை முகமும் விழித்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தூங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். நான் வெப்ப உமிழ்வினையைச் சொல்லி அனுப்பினேன்.

மழைக்காலம் பிறந்ததும் ஊரில் காய்ச்சல் வந்தது. பத்திரிகைகளில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள். நாகஜோதி பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று அவள் தெருப் பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்த முறை அவர்கள் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாக்காரி மாத்திரையும் கஞ்சியும் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். மில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மத்தியானம் பிள்ளைக்கு அனலாகக் கொதிக்கவே பக்கத்து வீட்டார் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை பேரும் மாற்றி மாற்றிப் போன் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அவர் மில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது தெருவில் பெண்கள் கூடி நின்றார்களாம்.

எங்களை அவள் வீட்டுக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். சுவரில் இருந்த அதே முகம். அந்த உதடு, அந்தப் புருவம், மூடின கண், எதிலும் ஒரு நூல் மாற்றமில்லை. இவளை நான் ஏற்கெனவே இப்படிப் பார்த்திருக்கிறேன், ஒருநாள் இல்லை, தினமும் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் சொல்லாததை ஊர் சொல்லிற்று. அத்தனை பிள்ளைகளுக்கும் கண் திறந்தவர் அந்தப் பிள்ளைக்கு மட்டும் திறக்கவில்லை, அதனால்தான் அது கண்ணை மூடிவிட்டது. பால் வாங்கப் போன என் அம்மாவிடமே ஒருத்தி இதைச் சொன்னாள். மன்றங்களை நிறுத்தினார்கள். முகங்களைக் கழற்றினார்கள். சில வீடுகளில் வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார்கள். நாகஜோதியின் முகத்தை யார் எடுத்தது என்று தெரியவில்லை. பள்ளிச் சுவருக்குப் பின்னால் சீமைக்கருவேல முள்ளுக்குள் அது சில்லுசில்லாகக் கிடந்தது. அடுத்த வருடக் கையெழுத்தைப் பற்றித் தலைமையாசிரியர் இழுத்துப் பேச ஆரம்பித்தார். மாமா மாடியறையில் மின்விசிறிகூடப் போடாமல் படுத்துக் கிடந்தார். படிப்பறிவுள்ள பயல், இதையெல்லாம் நம்புறியா என்று அப்பா கேட்டதற்கு, "நம்பல அத்தான். ஆனா தொறந்திருக்கலாம்ல" என்றார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

இதற்கிடையில் அறிவியல் டீச்சர் ஒருநாள் பீக்கர் எடுத்துவர என்னை ஆய்வகத்துக்கு அனுப்பினார். மழை மூட்டம். மின்சாரம் இல்லை. அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், குடுவைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தபடி நாகஜோதி இருந்தாள்.

அச்சுதான். அதை எடுக்க எல்லாரும் மறந்திருந்தார்கள். ஆனால் அச்சு என்றால் பள்ளமாக அல்லவா இருக்கவேண்டும்? அது பள்ளமாக இல்லை. மூக்கும் கன்னமும் முன்னால் துருத்திக்கொண்டு முழு முகமாக இருந்தது. நான் இடதுபக்கம் நகர்ந்தேன். அதுவும் என் பக்கம் திரும்பியது. வலதுபக்கம் நகர்ந்தேன். மெதுவாக, தூக்கத்தில் புரளுகிற மாதிரி, வலதுபக்கம் திரும்பியது. கண் மூடியேதான் இருந்தது. மூடின கண்ணோடு அது என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. நான் பீக்கரை எடுக்காமலே ஓடிவந்துவிட்டேன்.

டீச்சர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, என்னை மறுபடி கூட்டிப்போய்க் காட்டினார். மனிதக் கண்ணுக்கு முகம் என்றால் மேடுதான், குழிந்த முகத்தை மூளை ஒப்புக்கொள்ளாது, தானாகவே வெளியே தள்ளிக்கொள்ளும், அப்படித் தள்ளிக்கொண்டால் நாம் நகரும்போது அது திரும்புகிற மாதிரி தோன்றும் என்றார். விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். மூக்கு இருந்த இடத்தில் என் விரல் உள்ளே போனது. விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வகுப்பில் எல்லாருக்கும் நானே எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் அந்த அலமாரியைத் தனியாக நான் திறக்கவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு நாகஜோதியின் அம்மா வந்தார். மாமாவோடு பஸ்ஸுக்குப் போவதற்காக நான் ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஷிப்டிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். அவரைக் கண்டதும் ஆசிரியர்கள் எல்லாரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். மாமா முகத்தில் ரத்தமே இல்லை. தலைமையாசிரியர் அறைக்குள் போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா யாரையும் ஏசவில்லை. மாமாவிடம் வந்து, "எம்புள்ள மொகம் இங்கன இருக்குன்னு சொன்னாங்க சார். செத்த நேரம் தொட்டுப் பாத்துட்டுப் போயிறேன்" என்றார். வீட்டில் மாலை போட்டிருப்பது பள்ளியில் எடுத்த சின்னப் போட்டோதான், அதில் என்னத்தைத் தொடுவது என்று சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். உடைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"அச்சு இருக்கு மாமா" என்றேன் நான்.

அலமாரியை மாமா திறந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீரில் மாவைத் தூவினேன். மாமா சோப்புத் தண்ணீர் தடவினார், மூக்கு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார், சாந்தை ஊற்றித் தட்டினார். அந்த அம்மா மேசைப் பக்கத்தில், நாகஜோதி படுத்திருந்த அதே மேசைப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல். சாந்து இறுகியதும் மாமா கவிழ்த்து, தட்டி, அச்சைப் பிரித்தார். நாகஜோதி வந்தாள்.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்தைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிறகு புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். கழுத்து இருக்கவேண்டிய இடத்திலும் வைத்துப் பார்த்தார்.

"சார், சுடுதே" என்றார்.

எனக்கு இதற்குத்தானே பயிற்சி. பாரிஸ் சாந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளியாகிறது என்று ஆரம்பித்தேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். ஏன் அழுத்துகிறார் என்று விளங்காமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அந்த அம்மாவின் காதில் ஒன்றும் விழவில்லை. எழுந்து போய் ஆய்வகக் குழாயில் முந்தானையை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து, மடித்து, அந்த வெள்ளை நெற்றியில் போட்டார். துணி சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்தார். மறுபடி போட்டார். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். நானும் மெதுவாக விரலை நீட்டி வைத்துப் பார்த்தேன். ஈரமும் சூடுமாக ஏதோ என் விரலில் பட்டது. சாந்திலிருந்து வருகிற ஆவி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விரலை இழுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படியே போயிற்றோ. மாமாவுக்குக் கை பரபரத்திருக்கவேண்டும். கறுப்பு மையைக் கலக்கி, தூரிகையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், கண்ணைத் திறந்துவிடுகிறேன் என்றார். இப்போதாவது திறந்துவிட்டால் தன் மேல் உள்ள பழி நீங்கிவிடும் என்று அவர் நினைத்தார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கே அது தெரிந்தது.

அந்த அம்மா கையால் அந்தக் கண்களை மறைத்துக்கொண்டார். "வேணாம் சார். இப்பத்தேன் அசந்துருக்கா" என்றார்.

மாமா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அந்த அம்மா எதுவும் பாடவில்லை, அழவில்லை, நனைப்பதும் போடுவதுமாகவே இருந்தார். கடைசியில் துணியை எடுத்துவிட்டு நெற்றியைத் தடவினார். புதுச் சாந்து சூடு ஆறும்போது மேலே ஈரம் கோத்து நிற்கும். அவர் விரல் நனைந்தது. அந்த விரலை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார். "வேத்துருச்சு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் எந்தப் பெரியவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

முகத்தை மேசையில் மல்லாக்கக் கிடத்தினார். கீழே மாமாவின் ஓவிய அட்டையைத் தலைக்கு அண்டைகொடுத்தார். மாமாவைக் கும்பிட்டார். அடுத்த ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கி நடந்தார்.

மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, முகத்தை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று அலுத்துக்கொண்டு நானே முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல கனம். சில்லென்று இருந்தது. சாலையில் மில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். எம்பி எம்பி அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கையை வெளியே நீட்டி, என் தலையைத்தான் தடவினார். "காச்ச விட்ருச்சு தாயி. இனிமே பயமில்ல. அலுங்காமக் கொண்டுபோயிப் படுக்கப்போடு" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. இதற்காகத்தானே வந்தார், தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டாரே, மழையில் இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் வந்தது முகத்துக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.